நெல்லைச் சீமையில் ஒரு சித்திரை

ஏப்ரல் 14, பாபநாசம்

திருப்பூரில் ராத்திரி ஏறிய ரயில் விடியும் முன்பே நெல்லை சந்திப்பில் எங்களை இறக்கிவிட்டது. கூட வந்திருப்பவள் என் தோழி. ஒரே பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் பல வருஷம் தைத்தவர்கள் நாங்கள். அவள் திருநங்கை. சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வீட்டைவிட்டுப் போனவள், இப்போது இந்தப் பக்கமே திரும்பிவந்து தையல் கடை வைக்கப் போகிறாள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் போய் நிற்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறாள்.

ரயிலில் மதுரை தாண்டியதும் திருநங்கைகள் இரண்டு பேர் கைதட்டிக் காசு கேட்டு வந்தார்கள். இவள் எழுந்து நின்று மூத்தவரைப் பார்த்து, "பாம்படுத்தி அம்மா" என்றாள். பெரியவர்களுக்குத் திருநங்கைகள் சொல்லும் வணக்கம் அது. அவர் இவள் தலையில் கைவைத்து வாழ்த்தினார். திருநங்கைகள் குடும்பமாகச் சேர்ந்திருக்கும் ஜமாத்தில் எது, அங்கே யாருடைய தத்து மகள் என்று விசாரிப்பெல்லாம் நடந்தது. கடைசியில் காசு கேட்க வந்தவர் இவள் கையில் ஐம்பது ரூபாயைத் திணித்துவிட்டு, "கடை நல்லா நடக்கணும், முதல் பிளவுஸ் எனக்குத்தான்" என்று சொல்லிப் போனார்.

சந்திப்பிலிருந்து புதிய பேருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்து. 2021-ல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று தமிழக அரசு அறிவித்தபோது, சீக்கிரமே திருநங்கைகளையும் மாற்றுத்திறனாளிகளையும் அதில் சேர்த்தார்கள். நடத்துநர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், இரண்டு சீட்டு கொடுத்தார், அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஒரு கேள்வி இல்லை. முன்பெல்லாம் பேருந்து நிரம்பி வழிந்தாலும் தன் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வரும் என்று தோழி சொல்வாள். இன்றைக்குப் பூக்கூடையோடு ஏறிய ஒரு ஆச்சி, "தள்ளி உக்காரு தாயி" என்று சொல்லி அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

பாபநாசத்தில் சித்திரை விசுக் கூட்டம். அகத்தியருக்குச் சிவன் மணக்கோலம் காட்டிய தலம் என்பதால் இந்த நாளில் ஊரே இங்கே வந்துவிடும். பொதிகையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர் சித்திரையிலும் குளிர்ந்துதான் கிடந்தது. குளித்தோம். பெண்கள் உடைமாற்றும் இடத்துக்குப் போகத் தோழி தயங்கினாள். நான் எதுவும் சொல்லும் முன்பே பக்கத்தில் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் சேலையின் ஒரு முனையைத் தோழியின் கையில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்து மறைப்பு கட்டிவிட்டு, "சீக்கிரம் மாத்துங்கக்கா, அடுத்து நான் மாத்தணும்" என்றாள். பிறகு இவள் பிடித்தாள், அவள் மாற்றினாள்.

அவளுடைய அம்மா உலகம்மை சன்னிதி வாசலில் காத்திருந்தார். வீட்டுக்கு வரச் சொல்லவில்லை, கோயிலுக்குத்தான் வரச் சொல்லியிருந்தார். வீட்டில் அண்ணன் இருக்கிறார், மதினி இருக்கிறார். ஒரு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்து. "ஏட்டி, எளச்சுப் போயிட்டியே" என்றுதான் ஆரம்பித்தார். அப்புறம் மூன்று பேரும் படித்துறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கிளம்பும்போது அம்மா, "வெள்ளனே வந்துட்டுப் போறதெல்லாம் வேண்டாம். கொடைக்கு வா. ராத்திரி தங்கு" என்றார். பதினெட்டாம் தேதி அவர்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் கொடை, அதாவது வருஷத் திருவிழா. அண்ணன் என்ன சொல்வார் என்று இவள் கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. வாளியை மட்டும் எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

ஏப்ரல் 15, பாளையங்கோட்டை

இன்று தமிழ்நாட்டில் திருநங்கையர் தினம். 2008-ஆம் ஆண்டு இதே நாளில்தான் திருநங்கைகளுக்கென்று ஒரு நல வாரியத்தைத் தமிழக அரசு அமைத்தது. 2011 முதல் இந்தத் தேதியைக் கொண்டாடுகிறார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம், தான் ஆணா பெண்ணா மூன்றாம் பாலினமா என்பதை அவரவரே சொல்லலாம் என்று தீர்ப்பளித்ததும் இதே ஏப்ரல் 15-ல்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இந்தப் பிரிவில் பதிவானவர்கள் 22,364 பேர். அப்போது எத்தனை பேர் வாய்திறந்து சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தால், அந்த எண்ணை நான் அப்படியே நம்பமாட்டேன்.

நாங்கள் போனது பாளையில் ஒரு தெருவில் நடந்த சின்னக் கூட்டத்துக்கு. அந்தத் தெருவில் சில திருநங்கைகள் சேர்ந்து ஒரு இட்லிக் கடை நடத்துகிறார்கள். கடையில் காலையும் மாலையும் சாப்பிடுகிற தெருக்காரர்கள்தான் விழா எடுத்தார்கள். காலையிலேயே வாசலெல்லாம் கோலம். பெரிய பானையில் சர்க்கரைப் பொங்கல். கிழக்கே ஒரு தேவாலயம், மேற்கே ஒரு பள்ளிவாசல். இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வந்து நாற்காலி போட்டார்கள். பேச்சு நீளவில்லை, அது பெரிய நிம்மதி.

மேடையில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் பரதம் ஆடினாள். திருநங்கைதான். யாரைப் பார்த்து ஆட வந்தாய் என்று கேட்டேன். நர்த்தகி நடராஜ் என்றாள். மதுரையில் பிறந்து, வீட்டிலிருந்து வெளியேறி, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டுகள் கற்று, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். இந்தப் பெண் அவரை நேரில் பார்த்ததே இல்லை. காணொளியில் பார்த்துப் பார்த்துத்தான் முதலில் ஆடப் பழகியிருக்கிறாள். இப்போது முறையாக ஒரு ஆசிரியரிடம் கற்கிறாள். ஆசிரியர் சம்பளம் வாங்குவதில்லை.

பொன்னாடை போர்த்திய மூத்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அவர் இளசுகளிடம் பேசியதை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். தன் காலத்தில் தாயம்மா என்று அழைக்கப்படும் மூத்த திருநங்கை கையால்தான் நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை அகற்றும் சடங்கு, செய்துகொண்டார்களாம். மருத்துவர் கிடையாது, மயக்க மருந்து கிடையாது. கூடவே செய்துகொண்ட ஒருத்தி பிழைக்கவில்லை. நாற்பது நாள் கழித்து மஞ்சள் பூசிப் பால் சடங்கு நடந்தபோது, தான் அழுதது அவளுக்காகத்தான் என்றார். "இன்னைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில இலவசமா செய்தாவ. யாராவது மலிவா செஞ்சு தாரேன்னு கூப்பிட்டாப் போவாதீங்க மக்கா" என்று முடித்தார். கைதட்டல் இல்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

விழாவின் ஓரத்தில் ஒரு மேசை. எனக்கு அங்கேதான் வேலை. விண்ணப்பம் எழுதித் தருவது. திருநங்கை அடையாள அட்டைக்கு, ரேஷன் கார்டுக்கு, அரசிதழில் பெயர் மாற்றத்துக்கு, சுயதொழில் தொடங்கத் தரும் 50,000 ரூபாய் மானியத்துக்கு. தோழியின் மானிய விண்ணப்பத்தையும் அங்கேதான் நிரப்பினோம். எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் புரிகிறது. ஆதாரில் ஒரு பெயர், பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறு பெயர், வங்கியில் மூன்றாவது ஒரு பெயர். ஒன்றை மாற்ற இன்னொன்று வேண்டும் என்பார்கள். முதலில் அடையாள அட்டை, அடுத்து அரசிதழ், அதைக் காட்டி ஆதார், அதற்கப்புறம் வங்கி என்று வரிசையாகப் போனவர்களுக்கு வேலை முடிந்திருக்கிறது. நடுவில் தொடங்கியவர்கள் வருஷக்கணக்கில் அலைகிறார்கள். யாருக்காவது உதவ நினைக்கிறவர்கள் ஒரு நாள் அவர்களோடு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றால் அதிகாரிகள் பேசுகிற தோரணையே மாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் ஒரு ஆட்டோ ஓட்டுநர் வந்தார். காக்கிச் சட்டை, கூட பன்னிரண்டாம் வகுப்பு எழுதி முடித்த பிள்ளை. பிள்ளை தலைகுனிந்து நின்றது. அவர் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமல், "எம் பிள்ளை பொண்ணுன்னு சொல்லுது. ரெண்டு வருஷமாச் சொல்லுது. எனக்குப் புரிய இவ்வளவு நாளாச்சு. காலேஜ் சேர்க்கணும். சர்டிபிகேட்டுல பேர எப்படி மாத்துறது?" என்றார். நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன். உயர்கல்வி படிக்கும் திருநங்கைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024 நிதிநிலை அறிக்கையில் சொன்னதை எடுத்துச் சொன்னேன். இட்லிக் கடை அக்கா ஒருவர் அந்தப் பிள்ளையை அழைத்துப் போய்ப் பொங்கல் கொடுத்தார். போகும்போது அந்த மனிதர், பெயர் மாற்றம் முடியும்வரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவது நல்லது என்று கேட்டார். பிள்ளையிடமே கேளுங்கள் என்றேன். கேட்டார். அது சொன்ன பெயரை அங்கேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

இன்றைய விழாவில் வந்துபோனவர்களில் எனக்கு அவர்தான் பெரிய மனிதர்.

ஏப்ரல் 16, வீடு தேடல்

கடைக்கு இடம் உடனே கிடைத்துவிட்டது. இட்லிக் கடைக்கு எதிரே ஒரு சின்ன அறை. குடியிருக்க வீடுதான் கிடைக்கவில்லை.

காலையிலிருந்து தரகரோடு அலைந்தோம். போனில் பேசும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எல்லாம் பேசி முடித்து நேரில் போய் நின்றால், முகம் மாறுகிறது. யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் காபி கொடுத்து உபசரித்தார்கள். பிறகு உள்ளே போய் யாருடனோ பேசிவிட்டு வந்து, "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. அக்கம்பக்கத்துல உள்ளவங்க ஒத்துக்கமாட்டாங்க" என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதே அக்கம்பக்கம். அதற்கடுத்த வீட்டிலும்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி நேராகவே கேட்டேன். கதவைத் திறந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு என்னம்மா வந்துச்சு? பிளவுஸ் தைக்க பஜார் வரைக்கும் போறேன். பக்கத்துலயே ஆள் வந்தா நல்லதுதான்" என்றார். திரும்பப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அப்படியும் வீடு இல்லை. அப்புறம் வேறொரு தெருவிலும் இதே மாதிரி பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் ஆட்சேபணை இல்லை என்றார்கள். மறுக்கிறவர்கள் எல்லோரும் இன்னொருவர் பேரைச் சொல்லி மறுக்கிறார்கள், அந்த இன்னொருவரை யாரும் கேட்டதே இல்லை.

2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, வீடு வாங்கவோ வாடகைக்கு இருக்கவோ திருநர்களுக்குப் பாகுபாடு காட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. காட்டினால் என்ன என்று அந்தப் பிரிவில் இல்லை. அதனால் நல்ல வீடு இருக்கிற தெருவில் இடம் கிடைக்காமல், ஊருக்கு வெளியே, சந்தை விலையைவிடக் கூடுதல் வாடகைக்கு, கழிப்பறை சரியில்லாத வீட்டில் போய் ஒதுங்குகிறார்கள். அப்புறம் இதே ஊர்தான், "அவங்கல்லாம் ஒதுக்குப்புறமாத்தான் இருப்பாங்க" என்கிறது.

சாயங்காலம் பத்தமடை போனோம். கோரைப்புல் பாய் ஒன்று வாங்க வேண்டும் என்று தோழிக்கு ஆசை. வீடே இல்லாமல் பாய் எதற்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நெசவு செய்யும் அம்மா, பெயர் போட்டுத் தரவா என்று கேட்டார். கல்யாணப் பாய்க்குப் பெயர் நெய்வது இங்கே வழக்கம். தோழி தன் பெயரைச் சொன்னாள். அடுத்த மாதம் கிடைக்கும்.

ஏப்ரல் 17, கோவில்பட்டி, தூத்துக்குடி

காலையில் மந்தித்தோப்பு. கோவில்பட்டியை ஒட்டிய ஊர். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல். அதுவரை இதெல்லாம் நெல்லை மாவட்டம்தான். வீடு கிடைக்காத கதையைக் கேட்ட இட்லிக் கடை அக்காதான், "போய் அங்க பாருங்க" என்று அனுப்பிவைத்தார்.

இங்கே திருநங்கைகளுக்கென்று அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பு இருக்கிறது. அப்போதைய ஆட்சியர் சந்தீப் நந்தூரி எடுத்த முயற்சி. அதனால் சந்தீப் நகர் என்றே பெயர். 2020-ல் இங்கே இருப்பவர்களே சேர்ந்து பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அதற்காகக் கூடவே நின்று போராடியவர் கிரேஸ் பானு. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பில் சேர்ந்த முதல் திருநங்கை. கல்வியிலும் வேலையிலும் திருநர்களுக்குத் தனி உள் ஒதுக்கீடு வேண்டும், அது ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருப்பவர். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. தலித் திருநங்கைக்கு இரண்டு பக்கமும் அடி. எல்லோரையும் ஒரே பிரிவில் அடைத்தால் அவளுக்குரிய சாதி ஒதுக்கீடு கைவிட்டுப் போகும்.

பால் தொழில் நான் கொஞ்சம் அறிவேன், என் அப்பா வீட்டில் மாடு உண்டு. சங்கத்தில் பால் ஊற்றுவது என்றால் விடியும் முன் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை. கொழுப்பு எத்தனை, இதர சத்து எத்தனை என்று பார்த்துத்தான் விலை. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆளைப் பார்த்து விலை இல்லை. காலம்காலமாக முகத்தைப் பார்த்தே விலை சொல்லப்பட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று அங்கே இருந்த ஒரு அக்கா பேசும்போது தெரிந்தது. கடை கடையாகக் காசு கேட்கப் போன காலத்தில் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாலும் யாரும் தேடமாட்டார்கள், இப்போது அரை மணி தாமதித்தால் மாடு கத்துகிறது என்றார். தோழி மாட்டைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

எனக்கு ஒரு குறை உண்டு. தனிக் குடியிருப்பு நல்லது, உடனடியாகத் தேவை. ஆனால் தெருவில் எல்லோரோடும் இருக்க விரும்புகிறவர்களுக்கும் தெருவில் வீடு கிடைக்க வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை மறுக்கக்கூடாது.

கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு தூத்துக்குடி. சங்கரராமேஸ்வரர் கோயில். ஊர்க்காரர்களுக்குச் சிவன் கோயில். அம்மன் பாகம்பிரியாள். 2018 அக்டோபரில் இந்தக் கோயிலில் ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் தாலி கட்டித் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்ய மறுக்கப்பட்டதும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 22-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம், பதிவு செய்யுங்கள் என்று உத்தரவிட்டார். அதே தீர்ப்பில், ஆண், பெண் என்று பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவர்கள் வளர்ந்து சம்மதம் சொல்லும் முன் பால்மாற்று அறுவை செய்வதைத் தடுக்கவும் சொன்னார். அந்த ஆண்டே தமிழக அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி அதைத் தடைசெய்து ஆணை போட்டது. இந்தியாவிலேயே முதல் முறை. எங்கேயோ ஒரு குழந்தை இன்று காயமில்லாமல் வளர்கிறது என்றால், அதற்கு ஒரு காரணம் இந்தச் சன்னிதியில் நடந்த ஒரு கல்யாணம். பாகம்பிரியாளுக்கு ஒரு முழம் பூ வாங்கிச் சாத்தினோம்.

ஏப்ரல் 18, கொடை

அம்மா சொன்னபடி சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டோம். வீட்டுக் கதவைத் திறந்தது மதினி. "உள்ள வாங்க" என்றார். அண்ணன் கோயிலில் இருந்தார்.

இந்தப் பக்கத்துக் கொடையைப் பார்க்காதவர்களுக்கு: சுடலைமாடனுக்கு வருஷத்துக்கு ஒரு முறை கொடை. முதல் நாள் குடியழைப்பு, மறுநாள் மதியக் கொடை, நடுச்சாமத்தில் சாமக் கொடை. ஒரு பக்கம் வில்லுப்பாட்டு. புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிச் சுடலை பிறந்த கதையைப் பாட, குடமும் உடுக்கையும் கூடவே வரும். இன்னொரு பக்கம் கணியான் கூத்து. தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, இரண்டு பேர் மகுடம் என்கிற பறையை அடிக்க, பெண் வேடம் கட்டிய ஆண்கள் சலங்கையோடு ஆடுவார்கள். நள்ளிரவில் சாமி கொண்டாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். இதற்கு நடுவில் கரகாட்டம், நையாண்டி மேளம்.

கரகம் ஆட வந்தவர்களில் திருநங்கைகள் உண்டு. இது புதிதில்லை. நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கொடைகளில் அவர்கள் ஆடாத சித்திரை கிடையாது. வில்லிலும் இருக்கிறார்கள். 2024-ல் சிறந்த திருநங்கைக்கான மாநில விருது பெற்ற சந்தியா தேவி குமரி மாவட்டத்து வில்லிசைக் கலைஞர்தான். சாமிக்கு முன்னால் ஆட அழைக்க இந்த ஊர்கள் ஒருநாளும் தயங்கியதில்லை. விடிந்ததும் அவர்கள் வேனில் ஏறிப் போய்விட வேண்டும் என்பதுதான் வழக்கம். உடை மாற்றுவது வேனுக்குப் பின்னால், சேலையைக் கட்டி மறைத்து.

இந்த முறை அம்மா அதை மாற்றினார். வேன் வந்து நின்றதுமே போய், "எம் மக வந்திருக்கா, வீட்டுல எடம் கெடக்கு, வாங்க" என்று எல்லோரையும் கூட்டிவந்துவிட்டார். உள்ளறை முழுக்கச் சலங்கையும் பவுடரும் கொண்டைப் பூவும். மதினி முகக்கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். கரகக்காரர்களில் மூத்தவர் தோழியைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்க, "இந்த ஊர்தான், இந்த வீடுதான்" என்றாள் அவள்.

ஆட்டம் தொடங்கும் முன் கமிட்டிக்காரர் ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பு செய்தார். கலைஞர்களுக்கு அன்பளிப்பு தருகிறவர்கள் கமிட்டியிடம் தர வேண்டும், யாரும் மேடையேறிக் கையால் குத்தக்கூடாது. ஆடுகிற பெண்ணின் ரவிக்கையில் ரூபாய் நோட்டைக் குத்துகிற அந்தக் கேவலத்தைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். குழுவினர் முன்பணம் வாங்கும்போதே இந்த நிபந்தனையைப் போட்டிருக்கிறார்கள். ஊர் ஒத்துக்கொண்டிருக்கிறது. குடி போதையில் ஒரு பையன் நோட்டோடு ஏறப் பார்த்தான். அவனுடைய அத்தையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அப்புறம்தான் வரி நோட்டுச் சம்பவம். கொடைக்கு ஒவ்வொரு தலைக்கட்டும், அதாவது ஊர்க் கணக்கில் உள்ள ஒவ்வொரு குடும்பமும், வரி கொடுக்க வேண்டும். இந்த ஊரில் இந்த வருஷம் 1,500 ரூபாய். தோழி பணத்தை எடுத்துக்கொண்டு கமிட்டி மேசைக்குப் போய், நன்கொடையாக வேண்டாம், வரியாக எழுதுங்கள் என்றாள். ஒரு பெரியவர், பெண்கள் பேரில் வரி எழுதும் வழக்கம் இல்லை என்றார். கணக்கு எழுதுகிற தாத்தா உடனே, "ஏன், தனியாக் குடும்பம் நடத்துற பொம்பளைங்க குடுக்கத்தான செய்தாவ. நம்ம கீழத்தெருவுல மூணு பேரு இருக்காவ" என்றார். பெரியவர் அதற்கு மேல் பேசவில்லை.

தாத்தா நோட்டைப் புரட்டினார். அவள் குடும்பத்துப் பக்கத்தில் அண்ணன் பெயருக்குக் கீழே அவளுடைய பழைய பெயர் இருந்தது. எதிரில் இந்த வருஷத்து வரி வரவு வைக்கப்பட்டிருந்தது. போன வருஷத்துப் பக்கத்திலும் அப்படியே. அதற்கு முந்தைய வருஷங்களிலும். "ஒங்க அண்ணன் வருஷா வருஷம் ரெண்டு வரி குடுப்பான். ஊர்ல இல்லாத ஆளுக்கு எதுக்குலேன்னு கேட்டா, புள்ளி விட்டுப் போயிரக்கூடாதுன்னு சொல்லுவான்" என்றார் தாத்தா. புள்ளி என்றால் வரி நோட்டில் பெயர் உள்ள ஆள்.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாத்தா பழைய பெயரை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே புதுப் பெயரை எழுதி, சரியாக இருக்கிறதா என்று அவளிடமே படித்துக் காட்டினார். அவள் கொண்டுபோன 1,500-ஐ அடுத்த வருஷத்துக்கு முன்வரவாக எழுதிக்கொண்டார்.

அண்ணன் இன்னும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாமக் கொடை முடிந்து கறிச்சோறு போட்டபோது அவர்தான் பரிமாறினார். அவள் இலைக்கு வந்தபோது கொஞ்சம் நின்று, இரண்டாவது தடவையும் வைத்துவிட்டு நகர்ந்தார். அது போதும் என்று அவள் சொல்கிறாள். போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அண்ணன் அவளுடைய அண்ணன்.

ஏப்ரல் 19, நெல்லை சந்திப்பு

எனக்கு இன்று இரவு ரயில். தோழி அம்மா வீட்டில் இருக்கிறாள். மே மாதம் கடை திறக்க வேண்டும், தினமும் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பாளைக்கு வந்துபோவது நடக்கிற காரியம் இல்லை. ராத்திரி எட்டு மணிவரை கடையில் இருக்க வேண்டியிருக்கும்.

எனவே இதைப் படிக்கிற நெல்லைக்காரர்களிடம் கேட்கிறேன். பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, பெருமாள்புரம், மேலப்பாளையம், எங்கே என்றாலும் சரி. ஒரு அறை, சமையலறை, உள்ளேயே கழிப்பறை உள்ள வீடு. வாடகை 6,000 ரூபாய்வரை கொடுக்க முடியும். ஐந்து மாத அட்வான்ஸ் கையில் இருக்கிறது. இருக்கப் போவது ஒரே ஆள், மாதத்தில் சில நாள் அவள் அம்மா வந்து தங்குவார். ஆதார், அடையாள அட்டை, கடை ஒப்பந்தம் எல்லாம் தயார். வாடகை ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் முறையாக எழுதிக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும் என்று நினைத்தால், தாராளமாகக் கேளுங்கள். நானும் கூட வந்து கேட்கிறேன். மே 1-க்குள் வேண்டும்.